இரண்டு டப்பாவும் ஒரு கம்பும்

அன்று சனிக்கிழமை காலை. விறகுத் தொட்டியில் எடை போட்டு விறகு வாங்க வந்தவர்கள் எல்லாரும் வந்த வேலையை மறந்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிற்காமல் என்ன செய்வார்கள்? மூங்கில் முக்காலியில் தராசு தொங்க வேண்டிய இடத்தில் ஐந்தடி நீள இரும்புக் குழாய் ஒன்று தொங்கியது. குழாயின் இரண்டு முனைகளிலும் சிமெண்ட் ஊற்றிக் கெட்டித்த வனஸ்பதி டப்பாக்கள். சரிநடுவில் கயிறு. நடு எது என்பதை டெய்லர் பாயின் அளவு நாடாவை வைத்து ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்திருந்தோம்.

ஒரு டப்பாவை என் வீட்டுக்காரர் ஜெயசீலன் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றை எங்கள் பள்ளிக்கூடத்து அட்டெண்டர் ஏகாம்பரம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஈரச் சவுக்குக் கட்டையின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

"உட்டுடலாமா டீச்சர்?" என்று தொட்டிக்காரர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வருஷ உழைப்பு அந்தக் கயிற்றில் தொங்கியது. அதோடு சேர்த்து, எனக்குத் தெரிந்த நாலைந்து பெண்களின் மானமும் தொங்கியது.

இரண்டு பேரும் கையை எடுத்தார்கள்.

குழாய் எந்தப் பக்கம் போயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முப்பது வருஷம் விசில் ஊதிய டிரில் டீச்சர் நான். எப்போது ஊத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உருண்டு போன கம்பு

கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போன கதையைப் போன வாரம் எழுதியதும், ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். டிரில் டீச்சருக்குச் சிலம்பம் எதற்கு என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

நாங்கள் பயிற்சி எடுத்த காலத்தில் லெசிம், கோலாட்டம், ரிங் டென்னிஸ் எல்லாவற்றோடும் சிலம்பத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பரீட்சை முடிந்ததும் கம்பை மூலையில் சாத்திவிட்டார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. கம்பு காற்றைக் கிழிக்கும்போது வரும் அந்த 'விர்' சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கிழக்குத் தாம்பரத்தில் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது என் பெட்டியோடு கம்பும் ரிக்ஷாவில் வந்தது.

அறுபதுகளின் கடைசியோ எழுபதுகளின் தொடக்கமோ, சரியாக நினைவில்லை. எங்கள் பக்கத்து டிரில் வாத்தியார்களும் டீச்சர்களும் பொங்கல் கழிந்து ஒரு நாள் செங்கல்பட்டில் ஒரு மைதானத்தில் கூடுவோம். ஆண்களுக்குக் கபடி, கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. பெண்களுக்கு ரிங் டென்னிஸோடு சிலம்பப் போட்டியும் உண்டு. அதைச் சேர்த்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

போட்டி எளிது. கரித்தூளை எண்ணெயில் குழைத்துக் கம்பின் நுனியில் பூசுவார்கள். இரண்டு பேரும் வெள்ளைச் சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். மணி அடிக்கும்வரை யார் உடையில் எத்தனை கறுப்புப் புள்ளி விழுகிறது என்பதுதான் கணக்கு. கையிலிருந்து கம்பு விழுந்தால் ஆட்டம் அதோடு சரி.

அந்த வருஷம் எனக்கு எதிரே வந்தவர் குன்றத்தூர் பத்மா டீச்சர். விவசாயக் குடும்பம். கைகள் உலக்கை மாதிரி இருக்கும். நான் அப்போது துடைப்பக்குச்சி. சுற்றுவதில் அவரைவிட நான் வேகம். இரண்டு புள்ளி வைத்தும்விட்டேன். அதற்குப் பிறகு அவர் ஓங்கிப் போட்ட ஒரே அடியில் என் கம்பு கையை விட்டுப் பறந்தது.

பறந்த கம்பு சிறப்பு விருந்தினரின் மேசைமேல் இருந்த சோடா பாட்டிலைத் தட்டிவிட்டு, அவர் காலடிக்கு உருண்டது. அவர் நல்ல மனிதர். குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, "இந்தாம்மா, பத்திரம்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு நான் எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஐந்து ஆண் வாத்தியார்கள். பெண்களுக்கு அலங்காரச் சுற்றே போதும், போட்டி வேண்டாம், நாளைக்கு யார் மண்டையாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பேச்சு போயிற்று. பத்மா டீச்சர்தான் எழுந்து நின்று வாதாடினார். கடைசியில் இன்னும் ஒரே ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த முறை ஒரு பெண்ணின் கையிலிருந்தாவது கம்பு நழுவினால் பெண்கள் போட்டியே கிடையாது.

என்னால் வந்த வினை. பஸ்ஸுக்கு நிற்கும்போது பத்மா டீச்சர் என் பக்கத்தில் வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க சுத்து நல்லாத்தான் கீது டீச்சர். புடிதான் இல்ல."

வீட்டிலேயே இருந்த எடை

பிடி வேண்டுமென்றால் எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம், அது என் வீட்டுக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையிலேயே இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு உடம்பை வளர்ப்பதில் ஒரு பைத்தியம். பட்டணத்தில் ஒரு கம்பெனியில் கிளார்க். ஆபீஸில் பேனாவைத் தவிர எதையும் தூக்குவதில்லை என்ற குறையோ என்னவோ, எலெக்ட்ரிக் ரயிலை விட்டு இறங்கி வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார். அவர் கையாலேயே செய்த எடைதான் அந்தக் குழாயும் டப்பாக்களும். இரண்டு செங்கல் மேடைமேல் சுவரைப் பார்த்தபடி அது கிடக்கும். அதைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், புதுமாப்பிள்ளை தோற்றுப் போவான்.

கம்பு சுற்றுவது திருவிழா வேலை என்பது அவர் கட்சி. நான் எடை தூக்கப் போகிறேன் என்றதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வழியாக நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் அவர் எழுவதற்கு முன் நான் தூக்குவேன். ஒரு சிக்கல் இருந்தது. கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மாவின் படுக்கையறை. டப்பா 'டம்' என்று தரையில் இடித்தால் அவர் அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஆடுமாம். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் வீட்டைக் காலி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஏற்றுவது இரண்டு எண்ணிக்கையில், இறக்குவது பத்து எண்ணிக்கையில். ஒரு பொட்டுச் சத்தம் வராமல் செங்கல்மேல் உட்கார வேண்டும். ஏற்றுவதில் ஒரு வீறாப்பு இருக்கிறது, எப்படியோ ஏறிவிடும். இறக்கும்போதுதான் தோள் அழும். ஆறு, ஏழு என்று எண்ணும்போது கண்ணில் பூச்சி பறக்கும்.

முதல் மாதம் தினமும் காலையில் டப்பா, தினமும் சாயங்காலம் கம்பு என்று வெறி பிடித்த மாதிரி செய்தேன். ஒரு நாள் வகுப்பில் ரிங் டென்னிஸ் விதிகளைக் கரும்பலகையில் எழுதினால், எழுத்தெல்லாம் மழையில் நனைந்த மாதிரி நெளிந்தது. கை அவ்வளவு நடுக்கம். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் டைம்டேபிள் போடுகிறவள் எனக்கு ஒன்று போடவில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. திங்கள், புதன், வெள்ளி டப்பா. செவ்வாய், வியாழன், சனி கம்பு. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கும் எனக்கும் ஓய்வு. ராத்திரி ஊறவைத்த வேர்க்கடலை ஒரு பிடியும் அவித்த முட்டை ஒன்றும் காலை ஆகாரத்தோடு சேர்ந்தன. மூன்றே மாதத்தில் பம்பிலிருந்து இரண்டு குடத்தை இரண்டு கையில் தூக்கிக்கொண்டு நிறுத்தாமல் வீட்டுக்கு வந்தேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

சாயும் வட்டம்

எனக்கு எதிரே கம்பு பிடிக்க ஆள் வேண்டுமே. அதற்குத்தான் ஏகாம்பரம்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதும் தபால் கொண்டுபோவதும் அவர் வேலை. ஊரில் பரம்பரையாகக் கம்பு சுற்றும் குடும்பம். கடைசி மணி அடித்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார். ஊர் வாயை மூடுவதற்காக எங்கள் தலைமை ஆசிரியை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். நோட்டைவிட எங்களைத்தான் அதிகம் திருத்தினார். "ரூபி, முட்டியை மடக்கு" என்று அங்கிருந்தே குரல் வரும்.

எடை தூக்குகிறவன் கம்பைத் தொடக் கூடாது என்பது ஏகாம்பரத்தின் கட்சி. இரும்பு தூக்கினால் தோள் இறுகிவிடும், மணிக்கட்டு சுழலாது என்பார். நான் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மறுநாள் டப்பாவைத் தூக்குவேன்.

ஆனால் மழைக்காலம் தொடங்கியபோது எனக்கே பயம் வந்துவிட்டது. பிடி இரும்பாக இருந்தது, ஆனால் சுற்று கெட்டுப் போயிருந்தது. இடப் பக்கம் வீசும்போது கம்பு நான் நினைத்ததைவிட வேகமாகப் போகும். வலப் பக்கம் வரும்போது பின்தங்கும். தட்டு மாதிரி சமமாக நிற்க வேண்டிய வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு நாள் என் கம்பே என் கணுக்காலைப் பதம் பார்த்தது. அதற்கு முன் கம்பு பிடித்த எத்தனையோ வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

ஏகாம்பரம் தன் கம்பைக் கீழே ஊன்றினார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"வட்டம் சாயுது டீச்சர். இரும்பு தூக்கினா கை கட்டிக்கும்னு அப்பவே சொன்னேன். கிறிஸ்மஸ் வரதுக்குள்ள டின்னா கம்பான்னு நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க. ரெண்டுத்தையும் வச்சிகினு அங்க போயி கம்ப உட்டீங்கன்னா, உங்களோட போவாது. மத்த டீச்சருங்க வாய்லயும் மண்ணு."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. கம்பை விட்டுவிடு, தோள் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது, அதை மூங்கிலைச் சுழற்றி வீணாக்காதே என்றார்.

ஒருவருக்குத் தன் கம்பு பெரிது, இன்னொருவருக்குத் தன் டப்பா பெரிது. நடுவில் நான். டப்பாவை விட்டால் பத்மா டீச்சரின் ஒரு அடிக்குக் கம்பு பறக்கும். டப்பாவை வைத்துக்கொண்டால் கம்பு என் காலிலேயே அடித்து விழும். எப்படிப் பார்த்தாலும் அந்த ஐந்து வாத்தியார்களுக்குத்தான் கொண்டாட்டம். அன்று கொட்டகையில் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. அழுதது உண்மை.

பாயின் அளவு நாடா

கிறிஸ்துமஸ் நெருங்கியது. இவருக்குப் புதுச் சட்டை தைக்க மார்க்கெட் பக்கத்து டெய்லர் பாயிடம் போனோம். எங்கள் வீட்டுச் சட்டை, ஜாக்கெட் எல்லாம் அவரிடம்தான். சொல்லப்போனால் அப்போது நான் அவரோடு பேசுவதில்லை. முந்தின மாதம் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் இடது கை மட்டும் பிடித்தது. கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கும்படி சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன்.

பாய் இவர் முதுகில் நாடாவை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இன்னா சார் இது, எடது தோள் அரை இஞ்சு கூடக் கீது."

இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். பாய் அவரைக் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, எடது கை புடிக்குதுன்னு சண்ட போட்டீங்களே. நான் ஒழுங்காத்தான் தச்சேன். உங்க வூட்ல அல்லாருக்கும் எடது பக்கம் மட்டும் வளருதா?"

எனக்குப் பொறி தட்டியது. வட்டம் சாய்வதும் இடப் பக்கத்தால்தான். இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் வளர வேண்டுமென்றால், இரண்டு பேரும் தொடும் ஒரு பொருளில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

இரண்டு டப்பாவும் ஒரே எடைதானே என்று இவரிடம் கேட்டேன். ஒரே டப்பா, ஒரே அளவு, அப்புறம் எடை மட்டும் எப்படி மாறும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பி.ஏ. படித்தவர்.

தோண்டித் துருவிக் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. அது சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டிய காலம். தெரிந்த கொத்தனார் ஒருவர் கால் மூட்டை கொடுத்திருக்கிறார். முதல் டப்பாவில் சிமெண்டும் மணலும் தாராளமாகக் குழைத்து ஊற்றியாயிற்று. இரண்டாவது டப்பா பாதி நிரம்பும்போது சிமெண்ட் தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்குப் பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லியையும், பழைய இரும்புக் கடையில் வாங்கிய துருப்பிடித்த போல்ட் நட்டுகளையும் போட்டு அடைத்து, மேலே சிமெண்டைப் பூசி மூடியிருக்கிறார். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

குழாயை ஒரு தடவை மேடைமேல் வைத்ததோடு சரி. கொட்டகை குறுகல் என்பதால் யாரும் அதைத் திருப்பியதே இல்லை. இரண்டாவது டப்பா என்றைக்கும் இடப் பக்கம்தான்.

மறுபடியும் விறகுத் தொட்டி

ரேஷன் கடையில் கேட்டோம், தராசு கெட்டுவிடும் என்று விரட்டினார்கள். அதனால் விறகுத் தொட்டி. ஏகாம்பரத்தையும் வரச் சொன்னேன். அவர் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். அவரும் இவரும் குழாயை ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார்கள், பின்னால் நான், எனக்குப் பின்னால் நாடாவோடு பாய். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தன் தையல் மேல் வந்த பழியைத் துடைக்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்.

கையை எடுத்ததும் குழாய் ஒரு வினாடி யோசித்தது. பிறகு இடது டப்பா நேராகத் தரைக்குப் போய்ப் புழுதியில் உட்கார்ந்தது.

கூட்டம் 'ஓ' என்றது. தொட்டிக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேலே போன டப்பாவில் ஒரு கிலோ எடைக்கல்லைக் கட்டினார். குழாய் அசையவில்லை. இன்னொரு கிலோ கட்டியதும் லேசாக ஆடியது. கடைசியில் இருநூறு கிராம் கல்லையும் சேர்த்ததும் குழாய் சமமாக நின்றது.

"ரெண்டு கிலோ இருநூறு" என்று பாய்தான் முதலில் சொன்னார், தீர்ப்பு வாசிப்பது போல.

ஜல்லி போடச் சொன்னது கொத்தனார்தான் என்று இவர் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தொங்கும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப கை கட்டிக்கல. ஒரு பக்கமா வளந்துகீது, அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"சரி. சாயங்காலம் கம்பு எடுத்துகினு வாங்க."

இரும்பு தூக்குவது சரி என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு இன்னும் சில வாரம் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் குழாயைத் திருப்பிப் போட்டு, பாரமான டப்பாவை வலக்கைக்குக் கொடுத்தேன். பிறகு பாய் கான்வாஸில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். அதில் இரண்டு கிலோ இருநூறு மணலை நிரப்பி லேசான டப்பாவோடு கட்டினேன். ஜனவரி பிறந்தபோது என் வட்டம் நிமிர்ந்துவிட்டது. முன்பு வேகம் மட்டும் இருந்த இடத்தில் இப்போது பலமும் இருந்தது. ஒரு சாயங்காலம் என் அடியைத் தடுத்த ஏகாம்பரம் இரண்டடி பின்னால் போனார். வராந்தாவில் தலைமை ஆசிரியை நோட்டை மூடிவிட்டார்.

செங்கல்பட்டு

மைதானத்தில் முதலில் என் கண்ணில் பட்டது சிறப்பு விருந்தினரின் மேசை. போன வருஷத்தைவிடப் பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்கள். சோடா பாட்டிலும் இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

முதலில் ஆடிய மற்ற டீச்சர்கள் யார் கையிலிருந்தும் கம்பு விழவில்லை. கடைசியாக நானும் பத்மா டீச்சரும். விசில் ஊதினார்கள்.

அவர் காத்திருக்கவில்லை. அதே அடி. என் முழங்கைவரை அதிர்ந்தது, பல்லில்கூட அதிர்ந்தது. கம்பு கையில் இருந்தது. பத்மா டீச்சரின் புருவம் மேலே போயிற்று. அதற்குப் பிறகு நடந்தது நிஜமான ஆட்டம். அவர் ஒரு புள்ளி, நான் ஒரு புள்ளி. கரி எண்ணெயும் வியர்வையும் வாயில் கசந்தன. ஏழுக்கு ஏழு.

அப்போது ஒரு வாய்ப்புக் கிடைத்தது. என் முழுப் பலத்தையும் இறக்கி அவர் கம்பின் நடுவில் போட்டேன். அவருடைய வலக்கை கழன்றுவிட்டது. இடது கையின் இரண்டு விரலில் கம்பு ஆடிக்கொண்டிருந்தது. என் கம்பு இரண்டாவது அடிக்கு ஏற்கெனவே மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அது விழுந்திருந்தால் அவர் கம்பு பறந்திருக்கும். நான் ஜெயித்திருப்பேன். அவர் தோளுக்குப் பின்னால் கமிட்டி மேசை தெரிந்தது. ஐந்து பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்திவிட்டேன். அவர் கம்புக்கு ஒரு சாண் மேலே, என் கம்பு அந்தரத்தில் நின்றது. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் அந்த வேகத்தில் வருகிற கம்பு நிற்காது. வீட்டுக்கார அம்மாவின் பீங்கான் கோப்பைகளுக்குப் பயந்து, ஒரு வருஷம் பத்து எண்ணிக்கையில் இறக்கிப் பழகிய தோள் அதை நிறுத்தியது. கம்பு மட்டும் பிடித்திருந்தால் அந்தத் தோள் எனக்கு வந்திருக்காது. டப்பா மட்டும் தூக்கியிருந்தால் நிறுத்த வேண்டிய இடம் எது என்று தெரிந்திருக்காது.

பத்மா டீச்சர் என்னைப் பார்த்தார். கம்பை இறுகப் பிடித்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. திறந்து கிடந்த என் இடுப்பில் ஒரு புள்ளி வைத்தார். மணி அடித்தது.

எட்டுக்கு ஏழு. அவருக்கு எவர்சில்வர் குடம், எனக்கு சோப்பு டப்பா. அது இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது. அதில் நான் சோப்பு வைத்ததில்லை.

கம்பு எதுவும் விழாததால் கமிட்டி வாயைத் திறக்கவில்லை. பெண்கள் போட்டி தங்கிவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் இவர் புலம்பிக்கொண்டே வந்தார். கைக்கு வந்த வெற்றியைக் கோட்டை விட்டுவிட்டு மரம் மாதிரி நின்றுவிட்டாயே என்றார். ஏகாம்பரம் எதிரே உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காட்டாங்குளத்தூர் தாண்டியதும் இவர் பக்கம் திரும்பினார்.

"ஓங்கின அடிய பாதில நிறுத்துறது எங்க ஊர்ல யாருக்கும் வராது சார். எனக்கும் வராது. அந்த டின்ன நான் ஒரு தபா தூக்கிப் பாக்கலாமா?"

இவர் புலம்பலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. அதற்குப் பிறகு தாம்பரம் வரும்வரை என் சோப்பு டப்பாவை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்

இரண்டு வாரம் கழித்து, ஆலயம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் பத்மா டீச்சர் நிற்கிறார். குன்றத்தூரிலிருந்து பஸ் பிடித்து, பல்லாவரத்தில் ரயிலுக்கு மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கொட்டகையைக் காட்டச் சொன்னார். குழாயைச் சுற்றி வந்தார், டப்பாவைத் தட்டிப் பார்த்தார், ஒரு தடவை தூக்கி இறக்கினார். டம்மென்று இறக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா இருமினார்.

"அன்னிக்கு ரெண்டாவது அடிய நீங்க அடிக்கல. எனக்குத் தெரியும்" என்றார்.

நான் குழாயைச் செங்கல்மேல் நேராக்கி வைத்தேன்.

"அடுத்த வருஷம் அடிக்கணும். நிறுத்தக் கூடாது. எங்க வூட்லயும் ரெண்டு டப்பா சும்மாதான் கீது. சிமெண்ட் எவ்ளோ போடணும்?"

"எவ்வளவு வேணா போடுங்க டீச்சர். ரெண்டையும் நிறுத்துப் பாத்துட்டுப் போடுங்க."

அடுத்த பொங்கல் கழிந்து, அதே மைதானத்தில் அந்த இரண்டாவது அடியை அடித்தேன். முழுப் பலத்தோடு அடித்தேன். பத்மா டீச்சரின் கம்பு விழவில்லை.